இலக்கம் இல்லாத துவக்கும் இறைக்காத கிணறும்

கறுப்புக் கோட்டில் இன்னும் தையல்கடை மணம் போகாத பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருத்தி போன கிழமை உரும்பிராயில் என் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டாள். வீட்டிலேயே செய்த துவக்கு, அதாவது துப்பாக்கி, இலக்கம் ஒன்றும் பொறிக்காதது, அதை வைத்திருந்தால் சட்டம் என்ன சொல்லும்? குற்றம் என்று ஒரே சொல்லில் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் படலையைத் தாண்டியதும் அந்தப் பதில் எனக்கே பிடிக்காமல் போய்விட்டது. சட்டத்தரணியாக நீதிமன்றப் படியேறி முதிர்ந்து ஓய்வு பெற்றவள் நான். இதைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்று என் மீதே எரிச்சல் வந்தது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்த பிறகும் தெளிவு வருமா என்று தெரியாது.

சட்டம் இலேசானதுதான். துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். துவக்குச் செய்யவும் அனுமதி வேண்டும். பத்திரத்தில் துவக்கின் இலக்கத்தை எழுத வேண்டும். வீட்டில் செய்ததற்கு இலக்கம் கிடையாது. இலக்கம் இல்லாவிட்டால் பத்திரம் இல்லை, பத்திரம் இல்லாவிட்டால் குற்றம். தோட்டத்தைக் காப்பாற்றத்தானே என்று சொன்னால், அதற்கும் முறையாக விண்ணப்பிக்கலாம், ஆனால் முறையான துவக்குக்குத்தான். இவ்வளவையும் தேத்தண்ணி ஆறுவதற்குள் படிப்பித்துவிடலாம். எங்களைப் போட்டுக் குழப்புவது இதற்கு முன்னால் நிற்கிற கேள்வி. கையில் இருப்பது துவக்கா, இல்லையா?

ஒரு காலத்தில் என் கட்சிக்காரராக இருந்த சிவநேசன் தென்மராட்சித் தோட்டக்காரர். தென்னை, வாழை, கொஞ்சம் பயற்றை. அந்தப் பக்கம் குரங்குகள் என்ன பாடுபடுத்துகின்றன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குரும்பையாக இருக்கும்போதே பிடுங்கிக் கடித்து எறிந்துவிட்டு, அடுத்த மரத்திலிருந்து எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டும். பட்டாசு கொளுத்தினார், தகரம் தட்டினார், நாய் வளர்த்தார். நாயும் குரங்கும் கொஞ்ச நாளில் சிநேகிதமாகிவிட்டன. கடைசியில் ஒரு இரும்புக் குழாயை எடுத்துக் காபைட்டில் வெடிக்கிற மாதிரி ஒன்று செய்தார். எப்படிச் செய்தார் என்று நான் எழுதப் போவதில்லை. உங்களில் சிலருக்கு விடுப்பு அறியும் ஆவல் அதிகம்.

பக்கத்து வளவுக்காரர் நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பழைய காலம் வந்து அவரை உலுக்கிவிடும். ஒருநாள் தாங்கமாட்டாமல் பொலிசுக்கு ரெலிபோன் அடித்து, பக்கத்துக் காணியில் துவக்குச் சத்தம் கேட்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது துவக்காகத்தான் கேட்டது.

ஜீப் வந்தது. சிவநேசன் படலையடியிலேயே மறிபட்டார். தானே முன்னுக்கு நடந்து, அது துவக்கில்லை சேர், குரங்கு வெடிக்கிற பைப், வாருங்கள் காட்டுகிறேன் என்று கொட்டிலுக்குக் கூட்டிப் போனார். கொட்டிலில் பைப் இல்லை. மனிசன் வாயைப் பிளந்தபடி நின்றார். மனைவி வதனியைக் கேட்டார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். ஜீப் படலையில் வந்து நின்ற அந்த நேரத்திலேயே அவள் பின்பக்கத்தால் ஓடிப்போய்ப் பைப்பைப் பழைய கிணற்றுக்குள் போட்டிருந்தாள்.

இது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வருகிற பிழை. வேறெங்காவது பிறந்தவள் என்றால் பைப்பை எடுத்து நீட்டி, நீங்களே பாருங்கள் என்று சொல்லியிருப்பாள். இங்கே ஜீப் சத்தம் கேட்டதும் மூளைக்கு முதல் கை வேலை செய்யும். சண்டைக் காலத்தில் ஆமிக்குப் பயந்து பற்றறி, படம், சப்பாத்து என்று கிணற்றுக்குள் எங்கள் சனம் போடாத சாமானா? குற்றம் செய்தோமா என்று யோசிப்பதெல்லாம் பிறகுதான். வதனி போட்டது குரங்கு வெடி. போட்ட பிறகு அது துவக்காகிவிட்டது. ஒளிக்கப்பட்ட சாமானை யார் குழாய் என்று நம்புவார்கள்?

நீதவான் முன்னிலையில் பொலிஸ் கொடுத்த அறிக்கையில் ‘இலக்கமற்ற நாட்டுத் துவக்கு ஒன்று’ என்று இருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எழுந்து நின்று, யாரும் கண்ணால் காணாத துவக்குக்கு இலக்கம் இல்லை என்பது மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். நீதவானும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சிவநேசனை விளக்கமறியலில் வைத்தார். ஆயுதம் எங்கே என்று தெரியாத வரைக்கும் பிணை கொடுக்கக் கூடாது என்று பொலிஸ் சொன்னதில் நியாயம் இருந்தது. மன்றைச் சிரிக்க வைத்தால் வழக்கு வென்றமாதிரி என்று நினைக்கிற பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

இரண்டொரு நாள் கழித்து வதனி என் வீட்டுக்கு வந்தாள். கூடவே வல்வெட்டித்துறையிலிருந்து மச்சான் முறையான ஒருவர், கடலில் சுழியோடிப் பழகிய மனிதர். கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னாள். நான் அவளை நன்றாகப் பேசினேன். வாயைத் திறந்து அன்றைக்கே சொல்லியிருந்தால் உன்னுடைய மனிசன் வீட்டில் இருந்திருப்பானே என்று கத்தினேன். மச்சான் இடையில் புகுந்து, அதில் யோசிக்க என்ன இருக்கிறது, நான் இறங்கிச் சத்தம் சந்தடி இல்லாமல் பைப்பை எடுத்து வருகிறேன் என்றார்.

கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் எடுத்தபின் என்ன செய்வது? அவர் அதைக் கையில் வைத்திருக்கும் நேரம் முழுக்க, பொலிஸ் தேடுகிற ஆயுதம் அவர் கையில். றோட்டில் மறித்தால் அவருக்கும் ஒரு வழக்கு. என்னிடம் கொண்டுவந்து தந்தால் எனக்கும் ஒன்று. பிறகு அதை மன்றில் கொடுத்தால், புதிதாக ஒரு குழாயை வெட்டிக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று சொல்லவும் இடமிருக்கிறது. போட்ட இடத்திலேயே கிடந்து, எல்லோரும் பார்க்க மேலே வந்தால்தான் அந்தப் பைப்பை நம்புவார்கள். கிணற்றை மன்றின் உத்தரவோடு பகிரங்கமாக இறைக்க வேண்டும் என்று கேட்டு மன்றில் நகர்த்தல் பத்திரம் போடப் போவதாகச் சொன்னேன். இது நல்ல யோசனை என்று எனக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வதனி கதிரையை விட்டு எழும்பினாள்.

"அந்தக் கிணத்தை மட்டும் இறைக்க வேண்டாம் மிஸ்."

ஏன் என்று கேட்டேன்.

"அதுக்குள்ளை வேறை என்னமோ கிடக்கு."

மச்சானை வெளியே இருக்கச் சொன்னேன். தென்மராட்சி முழுக்க இடம்பெயர்ந்தபோது அவள் சின்னப்பிள்ளை. செல் குண்டு விழுந்துகொண்டிருக்க, தாய் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறாள். தகப்பன் வளவின் பின்பக்கத்தில் நின்றுவிட்டுக் கடைசியாக வந்திருக்கிறார்.

"தொப்பெண்டு ஒரு சத்தம் கேட்டது மிஸ். பாரமான சாமான் விழுந்த மாதிரி. என்னப்பா எண்டு கேட்டன். ஒண்டுமில்லை, நட எண்டவர்."

போன இடத்தில் தகப்பன் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். என்ன போட்டார் என்று தாய்க்கும் சொல்லவில்லை. ஊர் திரும்பியபின், கிணறு துப்புரவாக்கித் தருகிறோம் என்று வந்தவர்களைத் தாய் விடவே இல்லையாம். முன்பக்கத்தில் வேறு கிணறு வெட்டினார்கள். பழையதற்குள் ஓலையும் குப்பையும் விழுந்து நிரம்பியது. தாய் சாகும்போது மகளிடம் சொன்னதும் அதைத் தொடாதே என்பதுதான்.

வீட்டுக்கு ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியன்கள் வந்து போனார்களா என்று கேட்டேன். எல்லா வீட்டுக்கும்தானே வந்து போனவர்கள் என்றாள். அது உண்மை. தகப்பனுக்கு ஏதாவது தொடர்பு இருந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அதுவும் உண்மைதான்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாது. இறைத்தால் பைப் வரும், சிவநேசன் வீட்டுக்கு வருவார். கூடவே வேறு ஒன்று வந்தால்? அது குரங்கு வெடியாக இருக்காது. அதற்கு இலக்கம் இருக்கிறதா இல்லையா என்று நான் எழும்பிப் பகிடி விட முடியாது. செத்த மனிதர் போட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதே கிணற்றுக்குள் அவரின் மகள் போன கிழமைதானே ஒரு சாமானைப் போட்டிருக்கிறாள். இறைக்காவிட்டால் சாட்சி பக்கத்து வளவுக்காரரின் காது மட்டும்தான், வழக்கு ஒருநாள் தானாக விழுந்துவிடும். ஆனால் அந்த ஒருநாள் எப்போது? அதுவரை மனிசன் மறியலில் கிடக்க வேண்டும். இடையில் பொலிசே கிணற்றை எட்டிப் பார்த்தால் எல்லாம் முடிந்தது.

எந்தப் பக்கம் நியாயம் என்று இரண்டு பக்கமும் வாதாடிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நானே வென்றேன். அப்போதுதான் புத்தி வந்தது. கிணறு என்னுடையதில்லை, மறியலில் இருப்பதும் நான் இல்லை. கட்சிக்காரருக்காக யோசிப்பது எங்கள் தொழில். அவருக்குப் பதிலாக முடிவெடுப்பது எங்கள் தொழிலில் இல்லை. சிவநேசனிடம் எல்லாவற்றையும் சொல்ல வதனியிடம் அனுமதி கேட்டேன். கன நேரம் அழுதுவிட்டு, சொல்லுங்கோ என்றாள்.

மறியலில் சிவநேசன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆபத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன்.

"வதனி இவ்வளவு காலமும் உதைத் தனியச் சுமந்தவளோ?" என்று கேட்டார்.

நான் ஓம் என்றேன்.

"அப்ப இறையுங்கோ மிஸ். துவக்குக் கிடந்தாக் கிடக்கட்டும். அவள் இனியும் அந்தக் கிணத்துக்குக் காவல் இருக்கேலாது."

நான் கோட்டுப் போட்ட காலம் முழுக்க எத்தனையோ பேர் எனக்கு அறிவுறுத்தல் தந்திருக்கிறார்கள். பிணை எடு, தள்ளிப் போடு, சமாதானமாக்கு. இப்படி ஒருவர் சொன்னதை அதற்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை.

இறைக்கிற நாளில் ஊரே திரண்டுவிட்டது. பொலிஸ், விசேட அதிரடிப்படை, கிராம அலுவலர், நீதிமன்றத்திலிருந்து ஒருவர். நெஞ்சு வருத்தக்காரர்கூட வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வோட்டர் பம் இரைந்தது. ஓலை, பிளாஸ்ரிக் போத்தல், ஒரு பழைய சைக்கிள் றிம். தண்ணீர் வற்றி, சேறு தெரிய, பைப் வந்தது. பொறுப்பதிகாரி அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழாய் வேலைக்காரர் ஒருவர் மறந்துவிட்டுப் போனதைப் போல இருந்தது அது. பொறுப்பதிகாரியின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. இத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன்.

கீழே இறங்கியவன் இன்னொன்று இருக்கிறது என்று கத்தினான்.

உரப்பை ஒன்று. கம்பியால் வரிந்து கட்டியிருந்தது. உள்ளே நீளமாக ஏதோ ஒன்று பையை முட்டிக்கொண்டு தெரிந்தது. எல்லோரையும் றோட்டுக்குப் போகச் சொன்னார்கள். குண்டு அகற்றுகிறவர்கள் வரும்வரை காத்திருந்தோம். வதனி மதகில் இருந்தாள், என் கையை விடவில்லை. நான் நீதிமன்றத்தில் பயந்ததே இல்லை என்று உங்களிடம் பீற்றிக்கொண்டது உண்டு. அன்றைக்கு அந்த றோட்டில் பயந்தேன். அவளுடைய வீட்டை என் கையாலேயே இடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர்கள் கம்பியை வெட்டினார்கள். குத்துவிளக்கின் தண்டு ஒன்று வெளியே வந்தது. பிறகு அடிப்பாகம், தட்டு, இரண்டு செம்பு, ஒரு தாம்பாளம். எல்லாம் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தன. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. வதனி என் கையை விட்டுவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தாள். அழுகையும் வரவில்லை.

பைப்போடு வந்ததால் பித்தளையையும் சான்றுப்பொருளாகக் கட்டிக் கொண்டு போனார்கள். ஏன் என்று கேட்டேன். தெரியாது, கிணற்றுக்குள்ளிருந்து எடுத்ததெல்லாம் என்றுதான் உத்தரவில் இருக்கிறது என்றார்கள். அந்த வசனத்தை எழுதியவளே நான்தான்.

பிணை கிடைத்தது. பைப்பைப் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள். அது இருக்கிற நிலையில் எதையும் சுட்டுத் தள்ளக்கூடியதல்ல என்று கன காலம் கழித்து அறிக்கை வந்தது. வழக்கு தள்ளுபடியானது. அன்றைக்கு நீதிமன்றச் சிற்றுண்டிச்சாலையில் எனக்கு வடை வாங்கித் தந்துவிட்டு, சிவநேசன் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், ஒருக்கா ஒரு சின்னக் கல்லைப் போட்டுப் பாத்தனான். அது வேலிக்கு அங்காலை போய் விழுந்தது. அப்ப அது துவக்கோ?"

நான் வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். முதலே சொல்லியிருந்தால் நான் மன்றில் வாயைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்திருக்கும். எதையாவது வெளியே தள்ளக் கூடியதா என்பதைத்தான் சட்டம் கேட்கிறது. கல்லுப் போட்ட அன்றைக்கு அது தள்ளியது. தண்ணீருக்குள் கிடந்தபின் அறிக்கை எழுதியவருக்கு அது தள்ளாது. அப்படியென்றால் ஒரே இரும்பு ஒருநாள் துவக்காகவும் மற்ற நாள் குழாயாகவும் இருந்ததா? செய்தவனுக்கே தெரியாமல் ஒரு மனிதன் துவக்குச் செய்ய முடியுமா? என்னிடம் வந்த பிள்ளைக்கு நான் ஒரே சொல்லில் சொன்ன குற்றத்துக்குள் இவ்வளவும் கிடக்கிறது. இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இனிமேல் அதைச் செய்யாதே என்று மட்டும் அவருக்குக் கண்டிப்பாகச் சொன்னேன். அவரும் திரும்பித் தகரம் தட்டப் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது விளக்கு. விடுவிக்கக் கேட்டு மனுப் போட்டேன். புதிதாக வந்த நீதவான், சின்ன வயது, கவனமான மனிதர். இது இவருடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். பற்றுச்சீட்டு இல்லை. வாங்கியவர் உயிரோடு இல்லை. கிணற்றுக்குள் போட்டதைக் கண்ணால் கண்டவர்களும் இல்லை. வதனி சாட்சிக் கூட்டில் ஏறி நின்று, சத்தம் கேட்டது என்று மட்டும் சொன்னாள். சத்தத்தை வைத்து உரிமை கொடுக்க முடியாது என்று நீதவான் சொன்னார்.

அப்போதுதான் எங்கள் வீட்டுப் பித்தளை நினைவுக்கு வந்தது. செம்பு, தாம்பாளம், மூக்குப்பேணி எல்லாவற்றிலும் அடியில் அம்மாவின் பேர் வெட்டியிருக்கும். இந்த ஊரில் பெட்டைப்பிள்ளைக்கு வாங்குகிற பாத்திரத்தைப் பேர் வெட்டாமல் யார் வீட்டுக்குக் கொண்டு போனார்கள்? விளக்கின் அடிப்பாகத்தைத் துடைத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். மன்றத்து மொழிபெயர்ப்பாளரான முதலியார் தன் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை நனைத்துத் தேய்த்தார். பாசி இலேசில் போகவில்லை. யன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

க. வதனி.

செம்பிலும் அதுதான். தாம்பாளத்திலும் அதுதான். செல் விழுந்த அன்று ஓடுகிற அவசரத்திலும் கனகசபை என்ற அந்தத் தகப்பன் பின்னுக்கு நின்று காப்பாற்றியது இதைத்தான். சின்னப்பிள்ளையாக இருந்த மகளின் கலியாணத்துக்கு அவர் சேர்த்து வைத்த சாமான். உண்மையைச் சொன்னால் பிள்ளை யாரிடமாவது சொல்லிவிடும் என்று நினைத்து ஒண்டுமில்லை, நட என்றிருப்பார். நீதவான் வதனியைப் பார்த்து, இந்தப் பேருக்குரியவர் யார் என்று கேட்டார்.

"அது நான்தான் ஐயா," என்றாள்.

சொல்லிவிட்டுத்தான் அழுதாள். தகப்பன் ஏதோ கூடாததைப் போட்டார் என்று அத்தனை வருஷம் மனதுக்குள் வைத்திருந்தவள் அவள். அந்த அழுகையை நிறுத்தச் சொல்ல மன்றில் யாருக்கும் மனம் வரவில்லை.

வெளியே வரும்போது சாமான்கள் புது உரப்பையில் இருந்தன. சிவநேசன் தூக்கப் போனார், அவள் விடவில்லை. நீதிமன்ற வாசலில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் பையைக் கண்டுவிட்டுக் கையைக் காட்டி மறித்தார்.

"அம்மா, உள்ளுக்கு என்ன?"

இந்த ஊரில் அவள் பிறந்த நாளிலிருந்து கேட்டுவருகிற கேள்வி அது. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பையை நிலத்தில் வைத்து, வாயை அவிழ்த்து, விளக்கின் அடிப்பாகத்தைத் தானே எடுத்து அவர் முகத்துக்கு நேரே கவிழ்த்துப் பிடித்தாள்.

"என்ரை விளக்கு. பேர் கிடக்கு, வாசிச்சுப் பாருங்கோ."